ஹோலிக்குப் பிறகு மோட்டார் இல்லை: அர்வரி ஆற்றுப் படுகை, ஒரு நிகழ்வு ஆய்வு

நம் ஊர்களில் நீர்வடிப்பகுதித் திட்டம் என்றதும் முதலில் எழும் கேள்வி, தடுப்பணையை எங்கே கட்டுவது என்பதுதான். சேர்கிற தண்ணீரை யார் எடுப்பது, எந்த மாதம் வரை எடுப்பது, எந்தப் பயிருக்கு விடுவது என்ற பேச்சு, வேலை முடிந்து கல்வெட்டு வைத்த பிறகும் பெரும்பாலும் வருவதில்லை. அந்தப் பேச்சுக்காகவே இராஜஸ்தானில் ஆல்வார் மாவட்டத்து அர்வரி ஆற்றின் கதையை எழுதுகிறேன். வறண்ட ஆறு திரும்ப ஓடியது என்ற பாதி பலருக்குத் தெரியும். மிச்சப் பாதிதான் திட்டமிடுகிறவர்களுக்கு அதிகம் உதவும் என்பது என் எண்ணம். ஊர்க்காரர்கள் யாரையும் பெயர் சொல்லி எழுதவில்லை.

பின்னணி

ஆரவல்லி மலையின் சரிவுகளில், தானாகாஜி தாலுகாவின் சிறு ஓடைகள் கூடி உருவாகும் ஆறு அர்வரி. ஆண்டு மழை சுமார் 600 மில்லிமீட்டர். அதில் பெரும்பகுதி ஜூலை முதல் செப்டம்பர் வரை, சில நாள்களிலேயே கொட்டித் தீர்த்துவிடும். மற்ற மாதங்களுக்கெல்லாம் அந்தச் சில நாள் மழைதான் முதல்.

காடு இருந்தவரை அந்த முதல் கரையவில்லை. மரமும் புல்லும் மழையை மெதுவாக இறக்கின, அடிவாரத்தில் இருந்த ஜோஹட்டுகள், அதாவது மண் கரை கட்டிய குட்டைகள், அதைப் பிடித்துவைத்தன. சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் மலைக்காடு பெரிய அளவில் வெட்டப்பட்டது. மொட்டையான சரிவிலிருந்து மண் அடித்து வந்து ஜோஹட்டுகளில் தூர்ந்தது. கிணற்றில் தண்ணீர் கிடைத்துக்கொண்டிருந்ததால் தூர் வாரும் பழக்கமும் ஊரை விட்டுப் போனது. 1980களின் நடுவில் கிணறுகளும் கைவிட்டன. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுத்த பகுதியை நம் பக்கம் அதிநுகர்வு குறுவட்டம் என்கிறோமே, அதுபோல அந்தத் தாலுகாவை 'இருண்ட மண்டலம்' என்று அரசு பட்டியலில் சேர்த்திருந்தது. இளைஞர்கள் பிழைப்புக்காக நகரங்களுக்குப் போய்விட, ஊரில் இருந்தவர்கள் வயதானவர்களும் பெண்களும் குழந்தைகளும்தான். மழைக்காலத்தில் சில நாள் வெள்ளம் போவதைத் தவிர அர்வரியில் எதுவும் ஓடி, ஒரு தலைமுறைக்கு மேல் ஆகியிருந்தது.

தொடக்கம்: 1985–86

1985 அக்டோபர் 2 அன்று ஐந்து இளைஞர்கள் கிஷோரி என்ற ஊரில் பேருந்தை விட்டு இறங்கினார்கள். தருண் பாரத் சங்கம் என்ற சிறு அமைப்பைச் சேர்ந்தவர்கள். அவர்களில் ஒருவரான ராஜேந்திர சிங் ஆயுர்வேதம் படித்தவர். வைத்தியம் பார்ப்பது, பள்ளி நடத்துவது என்ற எண்ணத்தோடுதான் வந்தார்கள். கோபால்புரா என்ற ஊரில் ஒரு பெரியவர் அதைக் கேட்டுவிட்டு, எங்களுக்கு முதலில் வேண்டியது தண்ணீர், தூர்ந்து கிடக்கும் ஜோஹட்டை வெட்டுங்கள் என்று சொல்லியிருக்கிறார். எங்கே வெட்டுவது, எவ்வளவு ஆழம், கரை எப்படி என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. அந்த அறிவு ஊரை விட்டுப் போகவில்லை, அதைக் கேட்க ஆள் இல்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

கோபால்புரா ஜோஹட் வெட்டப்பட்டு 1986 மழையில் நிரம்பியது. பக்கத்தில் வற்றிக் கிடந்த கிணறுகளில் தண்ணீர் ஏறியது. அந்தச் சேதி அக்கம்பக்கத்து ஊர்களுக்குப் போய்ச் சேர, அர்வரியின் தலைப்பகுதியில் இருக்கும் பாவ்ன்தா-கோல்யாலா என்ற இரட்டை ஊரும் அதே ஆண்டில் வேலையைத் தொடங்கியது. கால்நடையை நம்பி வாழும் குடும்பங்கள் நிறைந்த ஊர் அது.

ஜோஹட்டைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும்

ஜோஹட்டை ஏரி என்று மொழிபெயர்த்தால் தவறான படம் வரும். நம் ஏரிக்கு மதகு உண்டு, மதகிலிருந்து வாய்க்கால், வாய்க்காலுக்குக் கீழே ஆயக்கட்டு. ஜோஹட்டுக்கு மதகே கிடையாது. சரிவுக்குக் குறுக்கே பிறை வடிவில் ஒரு மண் கரை, மேட்டுப் பக்கம் திறந்த வெளி, ஒரு ஓரத்தில் மிகுந்த நீர் வழிந்து போக மறுகால். உள்ளே வந்த நீருக்கு இரண்டே வழிகள்: மாடு குடிக்கும், மண் குடிக்கும். மண் குடித்தது கீழே இருக்கிற கிணறுகளில் ஊறி வரும். தண்ணீர் வற்ற வற்ற, ஈரம் காயாத வண்டல் தரையில் கடுகும் கொண்டைக்கடலையும் விதைத்துவிடுவார்கள். நாம் பொதுவாகக் கசிவுநீர்க் குட்டை என்று சொல்வதற்கு நெருக்கமானது.

இடம் பார்ப்பதற்குக் கருவி எதுவும் இல்லை. மழை பெய்யும்போது எந்தப் பக்கம் தண்ணீர் திரண்டு ஓடுகிறது, எங்கே நின்று தயங்குகிறது என்று ஆயுள் முழுக்க ஆடு மேய்த்துப் பார்த்தவர் கை காட்டுகிற இடம்தான். மண்ணைத் தலைச்சுமையாகவும் கழுதை மேலும் கொண்டுவந்து கொட்டி, படலம் படலமாக மிதித்து இறுக்குவார்கள். நீரோட்டம் வலுவாக இருக்கிற இடங்களில் கல் கட்டிச் சுண்ணாம்பும் சிமென்டும் வைத்தார்கள். தலைப்பகுதியில் எழுந்த பெரிய அணை 244 மீட்டர் நீளம், 7 மீட்டர் உயரம். செலவில் ஒரு பங்கை ஊரே உழைப்பாகத் தரவேண்டும் என்பது சங்கத்தின் நிபந்தனை. பங்கு தராத ஊரில் அவர்கள் வேலை எடுக்கவில்லை. அந்த ஒரு கட்டாயத்தால் ஒவ்வொரு ஜோஹட்டுக்கும் முன்னால் ஊர் உட்கார்ந்து பேச வேண்டியிருந்தது. யார் நிலம் முழுகும், யார் கிணறு ஊறும், அதனால் யார் எத்தனை நாள் வேலைக்கு வரவேண்டும் என்று. என் பார்வையில் கரையை விட அந்தப் பேச்சுக்குத்தான் மதிப்பு அதிகம்.

அரசுத் துறையிலிருந்து முதலில் வந்தது நோட்டீஸ். 1954ஆம் ஆண்டு இராஜஸ்தான் பாசன, வடிகால் சட்டத்தின்படி அனுமதியில்லாமல் நீரோட்டத்தைத் தடுக்கக் கூடாது என்று நீர்ப்பாசனத் துறை சொன்னது. அந்தக் கேள்வியில் நியாயமே இல்லை என்று தள்ளிவிட முடியாது. மேலே மறித்தால் கீழே என்ன ஆகும் என்பதை யாராவது கேட்கத்தான் வேண்டும். ஆனால் கேட்டவர்கள் அளந்து காட்டிக் கேட்கவில்லை, சட்டத்தைக் காட்டினார்கள். அதனால் அந்தக் கேள்வி அன்று எடுபடாமல் போனது. பின்னால் அது வேறு உருவத்தில் திரும்ப வந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

காடும் சுரங்கமும்

ஜோஹட் கட்டிய ஊர்களுக்குச் சீக்கிரமே ஒன்று புரிந்தது: மலை மொட்டையாக இருக்கும்வரை கரை கட்டுவது, மண் வந்து மூடுவதற்கு இடம் செய்துகொடுப்பதுதான். பாவ்ன்தா-கோல்யாலா மக்கள் தங்கள் மலையில் கோடாரி கூடாது என்று கட்டுப்பாடு வைத்தார்கள், மீறினால் அபராதம். வெளியூர் மந்தை மேயவும் தடை. பிறகு சுமார் 12 சதுர கிலோமீட்டர் காட்டை ஊரே காக்கும் காட்டுயிர் சரணாலயம் என்று அறிவித்தார்கள்.

சுரங்கம் ஊர் அளவில் தீர்கிற விஷயமாக இல்லை. பக்கத்து சரிஸ்கா புலிகள் காப்பகத்தைச் சுற்றிப் பளிங்குக் குவாரிகள் நடந்துகொண்டிருந்தன. குழி ஆழமாகப் போகும் இடத்தில் நிலத்தடி நீர் குழிக்குள் வடியும், கிணற்றுக்கு வராது. சங்கம் உச்ச நீதிமன்றம் போய் 1991ல் தடை உத்தரவு பெற்றது. 1992 மே மாதத்தில் ஆல்வார், குர்கான் மாவட்டங்களின் ஆரவல்லிப் பகுதிகளில் சுரங்கம் உள்ளிட்ட வேலைகளுக்கு முன் அனுமதி கட்டாயம் என்று மத்திய அரசின் அறிவிக்கை வந்தது.

ஆறு ஓடியதும் வந்த சண்டை

தலைப்பகுதியில் தொடங்கிய வேலை ஊர் ஊராகக் கீழே இறங்கியது. 1990 வாக்கில் மழை முடிந்த பிறகும் அர்வரியில் தண்ணீர் நின்றது. ஆண்டுக்கு ஆண்டு அந்த மாதங்கள் நீண்டு, 1990களின் நடுவில் ஆண்டு முழுவதும் ஓடியது. நிலத்துக்கடியிலிருந்து கசிந்து வரும் அடிநீர்தான் அது. மேலே நிலம் நிரம்பினால்தான் ஆற்றின் மடியில் ஊற்று எடுக்கும்.

தண்ணீர் வந்ததும் மீன் வந்தது. மீன் வந்ததும் ஏலம் வந்தது. 1996ல் ஹமீர்பூர் பக்கத்தில் மீன்பிடி உரிமையை அரசு ஓர் ஒப்பந்தக்காரருக்குக் கொடுத்தது. ஆறு செத்துக் கிடந்தபோது அதற்கு உரிமை கொண்டாட யாரும் வரவில்லை, நாங்கள் மண் சுமந்து உயிர் கொடுத்ததும் வந்துவிட்டார்கள் என்று ஊர்கள் கொதித்தன. ஆற்றங்கரையில் போராட்டம் நடந்தது, ஒப்பந்தம் ரத்தானது. மீனைச் சாப்பிடாத மக்கள் அவர்கள், மீன் விற்ற காசும் அவர்களுக்கு வேண்டியதில்லை. இன்று மீனுக்கு உரிமை எழுதினால் நாளை தண்ணீருக்கும் எழுதுவார்கள் என்ற பயம்தான் அவர்களை ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தது என்று நினைக்கிறேன்.

வெளியாளைத் தடுத்தாகிவிட்டது. சரி, உள்ளூர்க்காரரை? ஆற்றில் நேரே இன்ஜின் வைத்து இறைக்க எவராலும் முடியும். கரையோரத்தில் நிலம் வைத்திருப்பவர் கரும்பு போட்டால், கீழே இருக்கும் ஊர் பங்குனியில் என்ன செய்யும்? பத்து ஆண்டுகளாக ஒவ்வோர் ஊரும் தன் எல்லைக்குள் பேசி முடிவெடுத்திருந்தது. ஆறு மொத்தத்துக்கும் பேச ஒரு இடம் இல்லை.

ஆற்றுக்கு ஒரு நாடாளுமன்றம்: 1999

1999 ஜனவரி 26 அன்று ஹமீர்பூரில் சுமார் 70 ஊர்களின் பிரதிநிதிகள் கூடி 'அர்வரி சன்சத்' அமைத்தார்கள். அர்வரி நாடாளுமன்றம். ஆண்டுக்கு இரண்டு முறை கூடுவது. சட்டத்தில் அதற்கு எந்த இடமும் இல்லை, போலீஸ் இல்லை, நிதி இல்லை. கட்டுப்பாட்டை மீறுகிறவரை அவரவர் ஊர்க் கூட்டம்தான் கேட்க வேண்டும்.

விதிகளில் முதன்மையானவை இவை: கரும்பு போன்ற, தண்ணீரைக் குடிக்கும் பயிர்கள் கூடாது. ஹோலிப் பண்டிகைக்குப் பிறகு அடுத்த மழை வரும்வரை ஆற்றில் மோட்டார் வைத்து இறைக்கக் கூடாது. வேட்டையும் பச்சை மரம் வெட்டுவதும் கூடாது. சுரங்கத்துக்கும் தொழிற்சாலைக்கும் நிலத்தை விற்கக் கூடாது.

ஹோலி விதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இத்தனை கன அடிக்கு மேல் எடுக்காதே என்று விதி போட்டிருந்தால், அளக்க மீட்டர் வேண்டும், மீட்டரைப் படிக்க ஆள் வேண்டும், அந்த ஆளை நம்பவும் வேண்டும். ஹோலி என்றைக்கு என்பது குழந்தைக்கும் தெரியும். அது மாசி, பங்குனியில் வரும் பௌர்ணமி. கோதுமைக்கும் கடுகுக்கும் கடைசித் தண்ணீர் தேவை ஏறக்குறைய அதற்குள் முடிந்துவிடும். அதற்குப் பிறகு ஆற்றில் இருப்பது மாட்டுக்கும் மனிதருக்கும் மிருகத்துக்கும். ஹோலி தாண்டி ஆற்றங்கரையில் இன்ஜின் சத்தம் கேட்டால் அது விதிமீறல் என்று தூரத்தில் நடந்து போகிறவருக்கும் தெரிந்துவிடும். விதி போடுகிறவர்களுக்கு ஊரின் வாழ்க்கை தெரிந்திருந்தால்தான் இப்படி ஒன்று கிடைக்கும்.

2000 மார்ச்சில் குடியரசுத் தலைவர் கே.ஆர். நாராயணன் நேரில் வந்து பாவ்ன்தா-கோல்யாலா மக்களுக்கு விருது வழங்கினார். ராஜேந்திர சிங்குக்கு 2001ல் மகசேசே விருதும் 2015ல் ஸ்டாக்ஹோம் நீர்ப் பரிசும் கிடைத்தன.

அளந்து பார்த்தபோது

விருதுகளுக்குப் பிறகுதான் முறையான அளவீடு வந்தது. 476 சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பில் 366 கட்டுமானங்கள் இருப்பதாக ஒரு கள ஆய்வு கணக்கெடுத்தது. சராசரியாக 1.3 சதுர கிலோமீட்டருக்கு ஒன்று. அந்த ஆய்வில் ஏழு கட்டுமானங்களில் நீர் எவ்வளவு இறங்குகிறது என்றும், 29 கிணறுகளில் மட்டம் எவ்வளவு ஏறுகிறது என்றும் அளந்தார்கள். கட்டுமானத்தின் அடியில் நாளொன்றுக்கு 12 முதல் 52 மில்லிமீட்டர் வரை நீர் இறங்கியது. நிலத்தடி நீரில் போய்ச் சேர்ந்ததாகக் கிணறுகள் காட்டியது நாளுக்கு 3 முதல் 7 மில்லிமீட்டர்தான். மிச்சம் மேல்மண்ணில் ஈரமாகத் தங்கியிருக்கலாம், பக்கவாட்டில் நகர்ந்தும் போயிருக்கலாம். மொத்தத்தில் பெய்த மழையில் சுமார் 7 சதவீதம் இந்தக் கட்டுமானங்களால் நிலத்துக்குள் போகிறது என்று கணக்கு வந்தது.

இந்த 7 சதவீதத்தை ஒரு விவசாயி மாதிரி போட்டுப் பார்க்கலாம். மழை 600 மில்லிமீட்டர் என்றால், அதில் 42 மில்லிமீட்டர். கோதுமைக்கு ஒரு பருவத்துக்குச் சுமார் 400 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். அப்படியானால் கட்டுமானங்கள் கூடுதலாகச் சேர்க்கும் நீரை நம்பிப் படுகையின் பத்தில் ஒரு பங்கு நிலத்தில் கோதுமை போடலாம். கரும்புக்கு 1,500 மில்லிமீட்டருக்கு மேல் வேண்டும். கரும்பு என்றால் முப்பத்தைந்தில் ஒரு பங்கு நிலத்துக்குக்கூட எட்டாது. சன்சத்தின் கரும்புத் தடை இந்தக் கணக்கைப் போட்டு வந்ததில்லை. போட்டாலும் அதே முடிவுதான் வந்திருக்கும்.

அதே ஆய்வாளர்கள் கணினியில் போட்ட மாதிரிக் கணக்கு இன்னொன்றையும் காட்டியது. கட்டுமானங்கள் கூடக் கூட நிலத்தடி நீர் கூடுகிறது, ஆற்றில் கீழே இறங்கிப் போகும் மொத்த நீர் குறைகிறது. அர்வரியின் கீழ்ப்பகுதியில் தௌசா மாவட்டத்தில் சைந்தல் சாகர் என்ற பாசன அணை இருக்கிறது. மேலே பிடித்த தண்ணீர் அந்த அணைக்குப் போக வேண்டிய தண்ணீரும்தான். அணையின் ஆயக்கட்டு விவசாயிகள் சன்சத்தின் 70 ஊர்களுக்குள் வரவில்லை. 1980களில் நோட்டீஸாக வந்து எடுபடாமல் போன கேள்வி இதுதான்.

எடுத்த முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

பெரிய அணை ஒன்று கட்டாமல் நூற்றுக்கணக்கில் சிறிதாகக் கட்டியது சரியான முடிவு. மலைப்பாறை இடுக்குகளில் சேமிக்கிற நீர் வெயிலில் ஆவியாகாது, அவரவர் கிணற்றிலேயே கிடைக்கும், உடைந்தாலும் ஊரே சரி செய்யும். மேலிருந்து கீழாக வேலை செய்ததும் சரி. மேலே கட்டாமல் கீழே கட்டியிருந்தால் முதல் பெருமழையே கரையைக் கொண்டுபோயிருக்கும்.

படுகைத் திட்டம் என்று ஒன்றை யாரும் தொடக்கத்தில் எழுதவில்லை. அது குறை என்று நான் சொல்லமாட்டேன். 1986ல் யாராவது 70 ஊர்களைக் கூட்டி ஆற்றுத் திட்டம் என்று பேசியிருந்தால், இல்லாத ஆற்றுக்கு என்ன திட்டம் என்று கேட்டுவிட்டு எழுந்து போயிருப்பார்கள். அதே சமயம், 1994ல் அனுமந்த ராவ் குழுவின் பரிந்துரைப்படி நீர்வடிப்பகுதித் திட்டங்களுக்கு வந்த அரசு வழிகாட்டுதல் சுமார் 500 ஹெக்டேரை ஒரு நீர்வடிப்பகுதியாக எடுத்துக்கொண்டது. அந்த அளவில் அர்வரி ஏறக்குறைய 95 துண்டு. ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு குழு, ஒரு வங்கிக் கணக்கு, ஒரு செலவுச் சான்று என்று போனால், 95 குழுவும் நன்றாக வேலை செய்தாலும் ஆற்றைப் பற்றிப் பேச ஒருவரும் இருக்கமாட்டார்கள். வேலைக்குச் சிறிய அலகு, தண்ணீர்ப் பங்குக்குப் பெரிய அலகு என்று இரண்டும் வேண்டும். அர்வரியில் இரண்டாவது பதின்மூன்று ஆண்டு தாமதமாக வந்தது, அதுவும் ஒரு சண்டை வந்ததால் வந்தது.

மறுபடி செய்தால் மாற்ற வேண்டியவை

கிணற்று மட்டத்தை முதல் நாளிலிருந்தே குறித்திருக்க வேண்டும். 1985ல் நீர்மட்டம் எத்தனை அடியில் இருந்தது என்று பெரியவர்கள் நினைவிலிருந்து சொல்வதுதான் இன்று இருக்கும் சான்று. ஊருக்கு மூன்று கிணறு, மாதத்துக்கு ஒருமுறை ஒரு கயிறும் ஒரு கல்லும் போதும், பள்ளிக்கூடப் பிள்ளைகளே செய்துவிடுவார்கள். அது இல்லாததால் மழையால் ஏறியது எவ்வளவு, ஜோஹட்டால் ஏறியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாமல் இன்றுவரை வாதம் நடக்கிறது.

நிலமற்றவர் பங்கு இன்னொன்று. ஊறிய தண்ணீர் கிணறு உள்ளவருக்குத்தான் நேரே போகும். மண் சுமந்த நிலமில்லாத பெண்ணுக்கு அதில் கிடைப்பது குடிநீர், கூலி வேலை, கொஞ்சம் புல். நிலமற்றவர்கள் ஹோலி வரை ஆற்றில் நீர் எடுத்துக்கொள்ளலாம் என்று சன்சத் இடம் கொடுத்தது உண்மைதான். ஆனால் வயல் இல்லாதவர் எடுத்த நீரை எங்கே பாய்ச்சுவார்? 1970களின் பிற்பகுதியில் சண்டிகர் பக்கத்தில் சுக்கோமஜ்ரி என்ற ஊரில் வேறு வழி கண்டார்கள். அணைத் தண்ணீரில் நிலம் இல்லாத வீட்டுக்கும் சம பங்கு, வேண்டாதவர் தன் பங்கை விற்றுக்கொள்ளலாம். ஆடுகளை மலையிலிருந்து இறக்க அந்த ஊர் முழுக்க ஒத்துக்கொண்டதற்கு அந்தப் பங்குதான் காரணம். ஜோஹட்டில் மதகு இல்லாததால் அந்தப் பங்கை அப்படியே கொண்டுவர முடியாது. வண்டல் தரையில் விதைக்கும் உரிமையையோ மேய்ச்சல் புல்லையோ நிலமற்ற வீடுகளுக்கு ஒதுக்கியிருக்கலாம்.

கட்டுமானங்களுக்கு ஒரு மேல் வரம்பும் வேண்டும். இருநூறாவது ஜோஹட் வரும்போதாவது கீழே உள்ள அணைக்கு வரும் நீரைப் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொன்றும் அதன் ஊருக்கு நல்லதுதான், ஆனால் எல்லா ஊர்களின் நன்மையையும் கூட்டினால் ஆற்றின் நன்மை வந்துவிடாது.

தமிழ்நாட்டிலும் முக்கால் பங்கு நிலம் பாறை நிலம்தான், அதனால் இந்தக் கணக்கு நமக்குப் புதிதாக இருக்காது. மேல்மடைக்காரர் கரையை ஒரு முழம் உயர்த்தினால் கீழ்க் கண்மாய்க்காரர் மண்வெட்டியோடு வந்து நிற்பார். அந்த மனிதருக்கு அர்வரி சன்சத்தில் இடம் இருக்கவில்லை. சைந்தல் சாகர் ஆயக்கட்டிலிருந்து ஊருக்கு ஒருவரை அழைத்து, சன்சத் கூட்டத்தில் உட்கார வைப்பதிலிருந்து நான் தொடங்குவேன்.